டேங்க் இல்லாத வரைபடம்

மார்ச் 9

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன், கரண்ட் போய்விட்டது. பார்சல் எடை போடும் மெஷின் அணைந்தது. கூட இருப்பவர்கள் அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார்கள். நான் டப்பாவை மூடிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். கூரியர் கவுன்ட்டரை அம்போவென்று விட்டுவிட்டு ஓடுகிறாளே என்று மேனேஜர் பார்த்திருப்பார். பார்க்கட்டும்.

வாசலிலேயே தெரிந்துவிட்டது. பம்ப் சத்தம் இல்லை. என் வீட்டுக்காரருக்குக் கீழே காற்று மெத்தை தட்டையாகக் கிடந்தது. அதில் வரிசை வரிசையாகக் காற்றறைகள். ஒரு வரிசை உப்பும்போது அடுத்த வரிசை தளரும். அப்படி மாறிக்கொண்டே இருந்தால்தான் படுத்தே கிடக்கிற உடம்பில் புண் வராது. பம்ப் நின்றால் அது வெறும் பிளாஸ்டிக் விரிப்பு.

இடுப்புக்குக் கீழே அவருக்கு எதுவும் தெரியாது. வலித்தால்தானே கூப்பிடுவார்? புரட்டிப் பார்த்தேன். போன வருஷம் ஆறின புண்ணுக்குப் பக்கத்திலேயே சிவப்பு. டாக்டர் அப்போதே சொல்லிவிட்டார்: இன்னொரு தடவை வந்தால் எலும்பு வரைக்கும் போகும், அப்புறம் தன் கையில் இல்லை என்று.

பழைய இன்வர்ட்டரின் பேட்டரி செத்துப்போய்விட்டது. வருகிற கரண்ட்டும் சோகை பிடித்த மாதிரி வருகிறது. சார்ஜ் ஏறுவதற்குள் அடுத்த கட். இந்தக் கரண்ட்டை நம்பி இந்த மனுஷனைப் படுக்கவைக்க முடியாது. வெயில்தான் கொட்டிக் கிடக்கிறதே, அதைப் பிடிக்க வேண்டியதுதான்.

மார்ச் 11

"லோடு எழுது" என்றார். சோலாரில் எது எது ஓட வேண்டும், எத்தனை வாட் தின்னும் என்ற பட்டியல். ஃப்ரிட்ஜும் ஏசியும் ரிப்பேர் பார்த்த ஆள். கை வேலை செய்கிறது, மூளை வேலை செய்கிறது, வாய் எல்லாவற்றையும்விட நன்றாக வேலை செய்கிறது.

பம்ப், பத்து வாட்தான், ஆனால் நாள் முழுக்க ஓட வேண்டும். விளக்கு இரண்டு. போன் சார்ஜர். ஃபேன் என்றதும் தனக்கு ஃபேன் வேண்டாம், வேர்க்கவே இல்லை என்கிறார். நெற்றியில் வழிகிறது! வேர்வை ஈரம்தான் தோலைக் கெடுக்கும் என்று நர்ஸம்மா படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். ஃபேன் என்று எழுதினேன். அடிக்கச் சொன்னார். அதற்குக் கீழேயே இன்னும் பெரிய எழுத்தில் ஃபேன் என்று எழுதினேன்.

கடைசியில் அவரே வழி சொன்னார். இப்போது இருக்கிற ஃபேன் எழுபத்தைந்து வாட் தின்கிறது. புது மாதிரி ஃபேன் முப்பதிலேயே ஓடும். பெரிய பேட்டரி வாங்குவதைவிட ஃபேனை மாற்றுவது மலிவு. முதலில் தீனியைக் குறை, அப்புறம் பானையை வாங்கு என்கிறார். எனக்குப் பிடித்திருந்தது. சொல்லவில்லை.

முடிக்கப்போகிற நேரத்தில், மேல் வீட்டுக்கு ஒரு பல்பாவது... என்று இழுத்தார்.

மேல் வீட்டில் அவர் அண்ணன் குடும்பம். நான் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

மார்ச் 17

சோலார் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். பளபளவென்று ஷூ. வீட்டைச் சுற்றி வந்துவிட்டு, நாங்கள் கேட்காத எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தொகை சொன்னார். கையில் இருப்பதைப் போல மூன்று மடங்கு. "இதுல ஏசியே ஓட்டலாம் மேடம்." வாழ்நாள் முழுக்க அடுத்தவர் ஏசியைக் கழுவிய மனுஷனின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொல்கிறார். இந்த வீட்டில் ஏசி இருந்ததே இல்லை.

அவர் போனதும் இவர் சிரித்தார். நானும் சிரித்தேன், அப்புறம் அழுகை வந்தது.

"நாமளே பண்ணுவோம். மூளை என்னுது, கை உன்னுது" என்றார்.

ஸ்க்ரூ டிரைவரைக்கூடத் தலைகீழாகப் பிடிக்கிற கை இது.

மார்ச் 23

மொட்டை மாடிக்குப் போனேன். அந்த நாளுக்குப் பிறகு நான் அங்கே ஏறவே இல்லை. துணிகூடக் கீழேதான் காயப்போடுகிறேன்.

பாகம் பிரித்தபோது மாடிக்கும் நடுவில் பெயின்டில் ஒரு கோடு போட்டார்கள். வடக்குப் பாதி எங்களுக்கு, தகரக் கூரை போட்ட மேல் வீடு நிற்கிற தெற்குப் பாதி அவர்களுக்கு. அதிலும் முக்கால்வாசி பக்கத்து மூன்று மாடிக் கட்டடத்தின் நிழல். மிச்சம் ஒரு கட்டில் போடுகிற அளவுக்கு இடம், கோட்டை ஒட்டி. இரண்டு பேனல் வைக்கலாம்.

அவர் சொன்னபடி காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் நிழல் விழுகிற ஓரத்தைச் சாக்பீஸால் வரைந்தேன். மேல் வீட்டு ஜன்னலில் அண்ணன் மனைவியின், என் ஓர்ப்படியின், முகம் வந்தது, போனது. நான் நிமிரவில்லை.

கோட்டுக்கு அந்தப் பக்கம் அது நின்றது. எழுதுகிறேனே, என்ன குறைந்துவிடும்? டேங்க். உயரமான இரும்பு ஸ்டாண்டின் மேல், மேல் வீட்டுத் தண்ணீர் டேங்க். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதன் வால்வைப் பார்க்க ஏறித்தான் இவர் விழுந்தார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் இவர் அண்ணன், என் மூத்தார். சத்தம் கேட்டு நான் ஓடி வந்தபோது ஏணி பக்கத்தில் ஆளே இல்லை. இவர் மாடித் தரையில் கிடந்தார். மூத்தார் மாடிப்படியில் மேலே ஏறி வந்துகொண்டிருந்தார். பிடித்த ஏணியை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்! ஆஸ்பத்திரியில் அத்தனை பேர் முன்னால் சொன்னேன்: "இனிமே எங்க வாசல்ல கால் வைக்காதீங்க." அவர் வைக்கவில்லை. ஒரு வார்த்தை மறுத்தும் பேசவில்லை. குற்றமுள்ள மனசு எப்படிப் பேசும்?

அன்றிலிருந்து அந்தச் சாமானின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை.

மார்ச் 24

மாடியைப் படம் வரைந்து அவரிடம் கொடுத்தேன். அடுத்த கட்டடம், மாடிப்படி அறை, கைப்பிடிச் சுவர், கோடு, நிழல் எல்லாம் அளவோடு. ரொம்ப நேரம் பார்த்தார். சரி என்றார்.

ஏப்ரல் 5

அவருடைய ரிப்பேர்க் கடைச் சாமான்களை விற்றாயிற்று. கேஸ் ஏற்றுகிற செட், வாக்குவம் பம்ப், செம்புக் குழாயை உருக்கி ஒட்டுகிற டார்ச். வாங்க வந்தவன் டார்ச்சைப் பற்றவைத்துப் பார்த்தான். இவர் கட்டிலில் இருந்தே தீயைக் குறை, குழாய் ஓட்டையாகும் என்று அதட்டினார். அவன் பயந்துபோய்க் குறைத்தான். போகும்போது பேரம்கூடப் பேசவில்லை.

மத்தியானம் முழுக்க இவர் சுவர்ப் பக்கம் பார்த்துப் படுத்திருந்தார். திருப்பிப் போடவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

ஏப்ரல் 19

பேட்டரிக் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் வீட்டுக்காரரை அனுப்புங்கம்மா என்றார். வீட்டுக்காரரைப் போனில் கொடுத்தேன். அப்புறம் கடைக்காரர் என்னோடு மரியாதையாகப் பேசினார்.

தண்ணீர் ஊற்றுகிற பேட்டரி மலிவு. ஆனால் ஆவி வரும், அதை அவர் படுத்திருக்கிற அறையில் வைக்க முடியாது. வேறு அறை எங்கே இருக்கிறது? லித்தியம்தான். வைத்திருந்ததில் பாதியை அது ஒன்றே விழுங்கிவிட்டது. வெயிலே இல்லாமல் இரண்டு நாள் தாங்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். ஒரு நாளைக்குத்தான் காசு இருக்கிறது.

ஒரு நாள் போதுமா? போதும் என்கிறார். அவர் எதைத்தான் போதாது என்று சொல்லியிருக்கிறார்?

மே 3

முடிந்தது!

வெல்டர் ஸ்டாண்ட் செய்து போல்ட் அடித்துக் கொடுத்தார், அவ்வளவுதான். மிச்சமெல்லாம் நான். பேனல் இரண்டையும் அடுத்தடுத்து ஒரே வரிசையாக இணைத்து, ஒயரைச் சுவரோரமாகக் கீழே இறக்கி, சார்ஜ் கன்ட்ரோலர், நடுவில் ஃபியூஸ், பேட்டரி, இன்வர்ட்டர். போன் கேமராவில் ஒவ்வொரு முனையையும் அவருக்குக் காட்டினேன். சிவப்பும் கறுப்பும் மாறினால் எல்லாம் புகைந்துவிடும். உள்ளங்கை வேர்த்து ஸ்பானர் வழுக்கியது. "அவசரப்படாத. இன்னொரு தடவை பாரு. இன்னொரு தடவை." எனக்கு எரிச்சல் வந்து, பார்த்துட்டேன்னு சொல்றேன்ல என்று கத்திவிட்டேன். "கத்து. ஆனா பாரு."

பார்த்தேன். மாற்றித்தான் வைத்திருந்தேன். அதை அவரிடம் சொல்லாமல் சரி செய்தேன்.

மெயின் ஸ்விட்சை அணைத்தேன். பம்ப் ஓடிக்கொண்டே இருந்தது. இன்ஜினியரம்மா என்றார். பல்லெல்லாம் தெரியச் சிரித்துவிட்டேன்.

மே 28

காலையிலிருந்து கரண்ட் இல்லையாம். சாயங்காலம் பக்கத்து வீட்டில் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும்.

ஆகஸ்ட் 16

நர்ஸம்மா முதுகைப் பார்த்துவிட்டு, தோல் குழந்தைத் தோல் மாதிரி இருக்கிறது என்றார். சொல்லாதீர்கள், கண் படும் என்றேன்.

அக்டோபர் 12

என்னமோ சரியில்லை. முன்பெல்லாம் மதியத்துக்குள் பேட்டரி நிரம்பிவிடும். இன்று சாயங்காலம் வரை பாதியைத் தாண்டவில்லை. நல்ல வெயில்தான். பறவை எச்சமாக இருக்கும், நாளைக் காலையில் மாடிக்குப் போய்த் துடைக்க வேண்டும்.

அக்டோபர் 15

பேட்டரி நாற்பத்தைந்து சதவீதம். துடைத்தும் அதேதான். பேட்டரியே போய்விட்டதா? போனால் மறுபடி எதை விற்பது?

அக்டோபர் 20

பேட்டரிக் கடைக்காரர் வந்து சோதித்தார். பேட்டரி நன்றாக இருக்கிறது, ஒயரும் சரி, மேலே நிழல் விழுகிறதா பாருங்கள் என்றார். நிழலா? அளந்துதானே வைத்தேன்?

நான் மேலே போவது விடிகாலையில், வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால். இன்று லீவு. உச்சி வேளைக்குக் கொஞ்சம் முன்னால் ஏறினேன்.

டேங்கின் நிழல் இரண்டு பேனல் மேலும் விழுந்து கிடந்தது. தடியாக, கறுப்பாக, அந்த இடம் தனக்கே சொந்தம் என்பது போல.

நான் அளந்தபோது சூரியன் தலைக்கு மேலே இருந்தது. இப்போது தெற்கே சாய்ந்துவிட்டது. தை மாசம் வரைக்கும் இன்னும் சாயும். இது சின்னப் பிள்ளைக்குத் தெரியும். எனக்கு ஏன் தோன்றவில்லை? அவருக்கு ஏன் தோன்றவில்லை? கீழே வந்து மார்ச் மாசம் வரைந்த படத்தைத் தேடி எடுத்தேன். கைப்பிடிச் சுவரின் விரிசலைக்கூட வரைந்திருக்கிறேன். டேங்க் இல்லை. நான் டேங்கையே வரையவில்லை.

அக்டோபர் 21

இன்றைக்குப் பேசியதை அப்படியே எழுதிவைக்க வேண்டும்.

படத்தைக் காட்டினேன். தனக்குத் தெரியும் என்றார்.

"என்ன தெரியும்?"

"அன்னைக்கே தெரியும். குளிர் காலத்துல நிழல் விழும்னு. நீ அதை வரையல. நான் கேக்கல."

உங்கள் உயிர் விஷயம், இதில் என்ன கூச்சம் என்று கத்தினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் மெதுவாக, கேட்டுக்கொண்டே இருந்த கேள்விக்குப் பதில் சொல்கிற மாதிரி ஆரம்பித்தார்.

"அண்ணன் ஏணியை விட்டுட்டுப் போனாருன்னு சொல்றியே. நான்தான் போகச் சொன்னேன். வால்வு மாட்டியாச்சு, தண்ணி ஏறுதான்னு பாக்கணும், கீழ போய் மோட்டார் போடுங்கண்ணேன்னேன். நீ முதல்ல இறங்குன்னாரு. நான்தான் விரட்டினேன். ஏணிய விட்டு ஸ்டாண்டு மேல கால் வச்சதும் நான்தான்."

இத்தனை நாளாக வாயில் என்ன வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன்.

"நீ அவர் மேல இருக்கிற கோவத்துலதான் எழுந்து நின்ன. அந்தக் கோவத்தை என் மேல திருப்பிட்டா, என்னை யாரு திருப்பிப் போடுறது?"

நான் சமையலறைக்குப் போய்விட்டேன். அடுப்பைப் பற்றவைத்தேன். எதற்கென்று தெரியவில்லை. அணைத்தேன்.

கோபம் வந்ததா? வந்தது, கண்மண் தெரியாமல் வந்தது. நேரமானதும் போய் அவரைத் திருப்பிப் போட்டேன். வேறு என்ன செய்ய?

நவம்பர் 4

புயல். நேற்றிலிருந்து கரண்ட் இல்லை. லைன் அறுந்து கிடக்கிறதாம், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. காலையில் பேட்டரி இருபத்தெட்டு.

ஃபேனை நிறுத்திவிட்டேன். விளக்கும் இல்லை. பம்ப் மட்டும். ஈரம் சேரக்கூடாது என்று அட்டையால் விசிறிக்கொண்டே இருக்கிறேன்.

நவம்பர் 5

மழை விட்டது. வெயில் வந்தது. வந்து என்ன பிரயோஜனம்? நல்ல வெயில் நேரம் முழுக்க நிழல் பேனல் மேல் உட்கார்ந்திருக்கிறது. சாயங்காலம் பதினொன்று. மதியமே இன்வர்ட்டர் கத்த ஆரம்பித்துவிட்டது.

இடது இடுப்பில் சிவப்பு. அழுத்தினால் வெளுக்கவில்லை. நர்ஸம்மாவுக்குப் போன் போட்டேன். அழுத்தி வெளுக்கவில்லை என்றால் உள்ளே ஆரம்பித்துவிட்டது, இனி ஒரு நாள்கூட மெத்தை நிற்கக்கூடாது என்றார்.

நவம்பர் 6

மேல் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

மூத்தார்தான் திறந்தார். இரண்டு வருஷத்தில் தலை முழுக்க வெளுத்திருக்கிறது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இது எனக்குத் தெரியாது.

"மாமா" என்றேன். தம்பிக்குப் புண் ஆரம்பித்திருப்பதைச் சொன்னேன். நிழலைச் சொன்னேன். டேங்குக்கு அந்தப் பக்கம் அவர்கள் தகரக் கூரைமேல் பேனலை மாற்றி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். குளிர் காலம் முடிகிறவரைதான் என்றும் சொன்னேன்.

"தகரம் தாங்காதும்மா" என்றார். உள்ளே போய்விட்டார்.

படியிறங்கும்போது முகமெல்லாம் எரிந்தது. கேட்டதே தப்பு. நான் அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் சொன்னதற்கு இன்றைக்கு வட்டியோடு வாங்கிக்கொண்டேன். இவரிடம் என்ன சொல்வது? அண்ணன் வீட்டில் இல்லை என்று சொல்லிவைத்தேன். பேட்டரி ஒன்பது.

நவம்பர் 7

விடிந்ததும் மழைத் தண்ணீர்க் குழாயில் தடதடவென்று தண்ணீர் விழுகிற சத்தம். மழை இல்லை. மாடிக்கு ஓடினேன்.

மூத்தார் டேங்கின் அடிக்குழாயைத் திறந்துவிட்டிருந்தார். தண்ணீர் மாடியெல்லாம் ஓடுகிறது. அவரும் பிளம்பரும் ஸ்டாண்டின் போல்ட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். துருப்பிடித்த போல்ட். அவர் கையில் ரத்தம்.

"உங்களுக்குத் தண்ணி?" என்றேன்.

"வாளி இருக்கும்மா. இதை அன்னைக்கே எறக்கியிருக்கணும்."

நடந்ததை இவர் சொல்லிவிட்டார் என்று சொன்னேன். மோட்டார் போடச் சொன்னது இவர்தான் என்று ஆஸ்பத்திரியிலேயே என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"தம்பி அப்படிக் கெடக்கும்போது, தப்பு அவன் மேலதான்னு சொல்லச் சொல்றியாம்மா?"

நான் அங்கேயே, ஓடுகிற தண்ணீரில் உட்கார்ந்து அழுதேன். ஓர்ப்படி வந்து தோளைப் பிடித்துத் தூக்கினார். நனைஞ்சுட்ட, எழுந்திரு என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

டேங்க் உருண்டு போய்ச் சுவரோரம் நின்றது. ஸ்டாண்டையும் சாய்த்தார்கள். மதியம் நான் பேனலுக்குப் பக்கத்திலேயே நின்றேன். ஒரு பொட்டு நிழல் இல்லை. சாயங்காலம் அறுபத்திரண்டு.

நவம்பர் 8

காலையில் ஐம்பத்தேழு. மதியம் தாண்டியதும் நிரம்பிவிட்டது. ஃபேன் போட்டேன்.

நவம்பர் 11

கரண்ட் வந்தது. இன்றைக்கு அதைப் பற்றி இவ்வளவுதான்.

ஓர்ப்படி கீழ்க் குழாயில் தண்ணீர் பிடித்து, வாளி வாளியாக மேலே தூக்குகிறார். வேலைக்குப் போவதற்கு முன்னால் நானும் இரண்டு தூக்கினேன். எங்கள் வாசல்படியைத் தாண்டும்போது ஒரு வாளியை இரண்டு பேருமாகப் பிடித்துத் தூக்கினோம்.

நவம்பர் 17

நர்ஸம்மா அழுத்திப் பார்த்தார். வெளுத்தது. தப்பித்தோம் என்றார்.

மூத்தார் படியிறங்கி வந்து வாசலுக்கு வெளியிலேயே நின்று, எப்படி இருக்கு என்று கேட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. உள்ளே வரப்போவதில்லை என்று தெரிந்தது. நான் சொன்னதை இன்னும் அப்படியே வைத்திருக்கிறார்.

"உள்ள வாங்க மாமா" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். இன்னொரு தடவை சொன்னேன்.

உள்ளே வந்தார். மூத்தார் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். நாற்காலி போட்டும் ஏறவில்லை. கடைசியில் இவர்தான், "என்னண்ணே, கெழவனாயிட்டீங்க" என்றார்.

நவம்பர் 23

லோடு பட்டியலை மறுபடி எடுத்தோம். இவரே சொல்லச் சொல்ல எழுதினேன். மேல் வீடு, பல்பு ஒன்று. மேல் வீடு, தண்ணீர் அழுத்தத்துக்குச் சின்ன மோட்டார். பேட்டரி நிரம்பிய பிறகு, உச்சி வெயிலில் மட்டும் ஓடுகிற மாதிரி. நிழல் போனதில் மதியத்துக்கு மேல் வருகிற வெயில் வீணாகத்தான் போகிறது, அது போதும். அழுத்தம் இருந்தால் டேங்க் தரையில் இருந்தாலும் மேல் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரும். நான் பேனாவை மூடவில்லை. இரண்டு பல்பு போடுங்கள், மேல் வீட்டு அக்கா ராத்திரிச் சமையல் எப்படிச் செய்வார் என்றேன். இவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சரிங்க இன்ஜினியரம்மா என்றார்.

புதிதாக மாடியை வரைந்தேன். டேங்கையும் வரைந்தேன், சுவரோரம், தரையில்.

காலையிலிருந்து கரண்ட் இல்லை. பம்ப் ஓடுகிறது. மூத்தார் மோட்டாருக்குக் குழாய் அடிக்க வந்திருக்கிறார். மாடிப்படி அறைச் சுவரில் உயரத்தில் கிளிப் அடிக்க வேண்டுமாம். பின்பக்கத்திலிருந்து ஏணியை இழுத்துவருகிற சத்தம் இங்கே கேட்கிறது. இவர் தலையைத் தூக்கிவிட்டார்.

"அண்ணே! யாரு பிடிக்கிறா?"

வெளியே சத்தம் நின்றது.

நான் போகிறேன்.